பொருந்தாத பின்னோடு நாலு வருடம்

காவேரிப்பட்டணத்தில் வீட்டு முன்னறையில் டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், மாங்காய் சீசனில் மண்டிகளுக்கு பில் புத்தகம், இதுதான் பிழைப்பு. 2021 கடைசியில் பழைய சிபியுவின் மதர்போர்டு போய்விட்டது. பதிலுக்கு டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மினி கம்ப்யூட்டர் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பின்பக்கத்தைப் பார்த்தால், மானிட்டர் கேபிள் மாட்டும் துளைகள் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளே போர்ட். அவ்வளவுதான். என் மானிட்டரில் இருப்பதோ விஜிஏ என்கிற பழைய நீல நிறத் துளை ஒன்று மட்டும்.

"மானிட்டரையும் மாத்திடுங்கண்ணா" என்றார் கடைத் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. 17 அங்குலம், 1280க்கு 1024 புள்ளி, கிட்டத்தட்ட சதுரம். என் பட்ஜெட்டுக்கு அன்று கிடைத்தது 18.5 அங்குல அகல மானிட்டர். அதில் உயரம் 768 புள்ளிதான். ஏ4 பக்கத்தை முழுசாக வைத்தால் எழுத்து பொடியாகிவிடும், இரண்டு ஓரமும் சும்மா கிடக்கும். சினிமா பார்க்கிறவருக்கு அகலம் வேண்டும், பத்திரிகை அடிக்கிறவனுக்கு உயரம் வேண்டும்.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடையில், ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ என்று ஒரே கேபிளாகக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்க்ரூவைக்கூட முடுக்கிவிட்டேன். திரையில் "நோ சிக்னல்". திருப்பிக் கொண்டுபோனால், "கவர் பிரிச்சதை எடுக்க மாட்டோம்ணா" என்று முடித்துவிட்டார்கள்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. விஜிஏ 1987இல் ஐபிஎம் கொண்டுவந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிக் கம்பி. அதில் ஏறி இறங்கும் மின்னழுத்தம்தான் படம். எச்டிஎம்ஐயில் போவது வெறும் எண்கள். நடுவில் ஒரு சிப் உட்கார்ந்து எண்ணை மின்னழுத்தமாக மாற்றித் தர வேண்டும். எனக்குக் கிடைத்த கேபிளில் கம்பியைத் தவிர ஒன்றுமில்லை. சில கேபிள்களில் முனைக்குள்ளேயே சிப்பை வைத்துவிடுகிறார்கள், அவை வேலை செய்யும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அடுத்த முறை கட்டைவிரல் அளவில் கருப்பாக ஒரு கன்வெர்ட்டர், 380 ரூபாய். எச்டிஎம்ஐ போர்ட்டிலேயே வரும் 5 வோல்ட்டை வைத்து உள்ளே இருக்கும் சிப் ஓடுகிறது. மாட்டியதும் படம் வந்தது. சந்தோஷத்தில் அன்றைக்கே ஒரு பத்திரிகை வேலையைத் திறந்தேன். மேலே இருந்த பிள்ளையார் இளைத்துப்போய் நின்றார்.

முதலில் கண் கோளாறு என்றுதான் நினைத்தேன். செட்டிங்ஸில் பார்த்தால் 1024க்கு 768 என்று இருக்கிறது, அதற்கு மேல் ஏற மறுக்கிறது. அகலமும் உயரமும் 4:3 ஆன படத்தை 5:4 திரையில் இழுத்து நிரப்பினால் எல்லாம் நூற்றுக்கு ஆறேழு பங்கு ஒல்லியாகத்தான் தெரியும். தப்பு கன்வெர்ட்டரிடம் இல்லை, என்னிடம். விஜிஏவில் 15 பின். அதில் 12, 15 இரண்டும் படத்துக்கானவை அல்ல. "நான் இன்ன அளவு திரை" என்று மானிட்டர் கம்ப்யூட்டரிடம் சொல்வது அந்த வழியாகத்தான். அவசரத்தில் கேபிளைத் தலைகீழாக வைத்து அழுத்தியதில் 12ஆம் பின் மடங்கிக் கிடந்தது. மானிட்டர் பேச முடியாததால் கம்ப்யூட்டர் பொதுவாக ஒரு அளவை வைத்துக்கொண்டது. கோணூசியால் மெதுவாக நிமிர்த்தி, அணைத்துப் போட்டதும் 1280க்கு 1024 வந்தது. பிள்ளையாருக்குத் தொப்பையும் திரும்பியது. (9ஆம் பின் இல்லாமலே பல விஜிஏ கேபிள்கள் வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.)

முதல் வாரம் ஸ்பீக்கரும் ஊமையாக இருந்தது. கன்வெர்ட்டரில் ஹெட்போன் துளை இருந்ததால் கம்ப்யூட்டர் சத்தத்தை அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது. சவுண்ட் செட்டிங்கில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்ததும் சரியாகிவிட்டது.

நாள்பட ஓட்டியதில் தெரிந்த குறை எழுத்தின் தெளிவு. எட்டு பாயிண்ட் அளவு எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி நடுங்கும். "ஸ்ரீ" மங்கலாகும். மானிட்டரில் உள்ள ஆட்டோ பட்டனை அழுத்தினால் சரியாகும் என்பார்கள். ஆனால் கருப்பு டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டு அழுத்தினால் அது ஓரம் எங்கே என்று தெரியாமல் படத்தை நகர்த்திவிடுகிறது. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்க விரித்து, நிறைய எழுத்தோடு வைத்து அழுத்த வேண்டும். அதற்குப் பிறகும் நடுங்கினால் மெனுவில் "ஃபேஸ்" (Phase) என்று இருப்பதை ஒவ்வொரு படியாக நகர்த்திப் பார்க்கலாம். எனக்கு அதில்தான் புள்ளி நின்றது.

இன்னொன்று சூடு. சித்திரை, வைகாசியில் தகர ஓட்டுக்குக் கீழே மதியம் உட்கார்ந்தால் எனக்கே தாங்காது, அந்தக் குட்டி சிப் என்ன செய்யும்? 2023 மே மாதத்தில் திரை ஒரு நொடி இருண்டு திரும்ப ஆரம்பித்தது. மாங்காய் மண்டி பில் புத்தகம் மலைபோல் குவிந்திருந்த நேரம். கூடவே கனமான விஜிஏ கேபிள் தொங்கி, கன்வெர்ட்டரைக் கீழே இழுத்து எச்டிஎம்ஐ போர்ட்டையே ஆட்டிவிட்டிருந்தது. எச்டிஎம்ஐக்கு ஸ்க்ரூ கிடையாது, அதன் பெரிய பலவீனம் அதுதான். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போன நண்பரிடம் சொல்லி, தனியாக யுஎஸ்பி மின்சாரம் எடுக்கும் கன்வெர்ட்டரும் ஒரு சாண் நீள எச்டிஎம்ஐ எக்ஸ்டென்ஷனும் வாங்கிவரச் சொன்னேன். இப்போது கன்வெர்ட்டர் மேஜைமேல் படுத்திருக்கிறது, போர்ட்டில் பாரம் இல்லை. அன்றிலிருந்து இருட்டவில்லை.

போன வருடம் ஓசூரில் இருக்கும் மச்சான், கம்பெனியில் கழித்துப் போட்ட 24 அங்குல மானிட்டர் ஒன்றைக் கொடுத்தார். அதில் டிவிஐ என்கிற இன்னொரு பழைய வகைத் துளையும் டிஸ்ப்ளே போர்ட்டும் இருந்தன. மகளின் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டும். "எங்கிட்டயே கேபிள் இருக்கு மாமா" என்று ஒரு பக்கம் டிஸ்ப்ளே போர்ட், மறுபக்கம் எச்டிஎம்ஐ உள்ள கேபிளையும் சேர்த்துக் கொடுத்தார். மாட்டினோம், படம் இல்லை. அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டரில் எச்டிஎம்ஐ என்று இருந்தால்தான் ஓடும். பல கம்ப்யூட்டர்களின் டிஸ்ப்ளே போர்ட்டுக்கு எச்டிஎம்ஐ பாஷையும் தெரியும், எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு டிஸ்ப்ளே போர்ட் பாஷை தெரியாது.

மகள் மானிட்டரின் டிவிஐயைக் காட்டி, "இது என்னப்பா, இவ்வளவு பெரிசா?" என்றாள். அதில்தான் வழி இருந்தது. டிவிஐயில் போகும் டிஜிட்டல் சிக்னலும் எச்டிஎம்ஐயின் சிக்னலும் ஒரே குடும்பம். சிப் ஏதும் தேவையில்லை, வெறும் கம்பியே போதும். 200 ரூபாய் கேபிளில் 1920க்கு 1080 கண்ணாடி மாதிரி வந்தது. சத்தம் மட்டும் வராது, அதை லேப்டாப்பிலேயே கேட்டுக்கொள்கிறாள். முதல் முறை பின் பொருந்தியதை நம்பி ஏமாந்தவன், இந்த முறை சம்பந்தமே இல்லாததுபோல் இருந்த இரண்டு பின்னைச் சேர்த்துத் தப்பித்தேன்.

டிவிஐயிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தட்டையான பட்டையைச் சுற்றி நாலு சின்னப் பின் இருந்தால் அந்தப் பின்னில் விஜிஏ சிக்னலும் வரும். மானிட்டரிலோ கம்ப்யூட்டரிலோ அந்த நாலு ஓட்டை இல்லையென்றால், நாலு பின் உள்ள விஜிஏ அடாப்டரை அதில் திணிக்கப் பார்க்காதீர்கள். அது நுழையாமல் இருப்பது காரணத்தோடுதான்.

"இன்னும் அந்தச் சதுர மானிட்டரா?" என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். இன்டெல், ஏஎம்டி இரண்டும் மானிட்டர் கம்பெனிகள் சிலவற்றோடு சேர்ந்து, 2015க்குள் விஜிஏவைக் கைகழுவப் போவதாக 2010 டிசம்பரிலேயே சொல்லிவிட்டன. புதிதாக வாங்குகிறவர் விஜிஏ பக்கம் போக வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். என்னிடம் இருப்பது ஓடுகிற மட்டும் ஓடட்டும்.

கேபிள் வாங்கப் போகும்போது இப்போது இரண்டு பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறேன். "இந்தப் பக்கம் கம்ப்யூட்டர், இந்தப் பக்கம் மானிட்டர்" என்று விரல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் காசு கொடுப்பது. மேஜை டிராயரில் ஸ்பேர் கன்வெர்ட்டர் ஒன்று கவர் பிரிக்காமல் கிடக்கிறது. தை முகூர்த்தத்துக்கு இருபது நாள்தான் இருக்கிறது.