மணலில் டயர் காற்றை இறக்குவதா, அப்படியே விடுவதா?

வாகரைப் பக்கம் கடற்கரை மணலில் டபுள் கேப் பிக்கப்பை இறக்கினால், 32 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்த அளவு) காற்றோடு சில்லு மண்வெட்டி போலத்தான் வேலை செய்யும். அக்ஸலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போகும். ஒருமுறை அச்சு வரைக்கும் புதைந்து, கரைவலை இழுத்தவர்கள் வந்து தள்ளித்தான் வெளியே வந்தேன்.

அதே வண்டியில் 18க்கு இறக்கினால் கதை வேறு. டயர் அகலமாவதைவிட நீளமாகத்தான் மணலில் படியும். பாரம் பரவுவதால் வண்டி மணலின் மேலேயே போகும். வால்வு முள்ளை ஒரு குச்சியால் அழுத்தி, நாலு சில்லுக்கும் அளந்து இறக்கப் பத்து நிமிடம் போதும். 15க்குக் கீழே போக வேண்டாம்; சடாரென்று திருப்பினால் டயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

ஆனால் உகந்தை தாண்டிக் குமண காட்டுப் பாதைக்கு இதே கணக்கு சரிவராது. கூர்க்கல் தளர்ந்த டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். அங்கே 25, 26 இருந்தால் குலுக்கலும் குறையும், டயரும் தப்பும். அம்பாறை வயல் சேற்றில் அடியில் கெட்டி நிலம் இருந்தால் நான் காற்றைத் தொடுவதே இல்லை.

இறக்குவதில் ஒரே தொல்லை, திரும்ப அடிப்பதுதான். குறைந்த காற்றோடு தார் வீதியில் வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கலாம். சிகரெட் லைட்டரில் செருகும் சின்னக் கம்ப்ரசர் இல்லையென்றால், பஞ்சர் கடை வரை ஊர்ந்துதான் போக வேண்டும்.