கியர் விழாத பிக்கப்: சிலிண்டரை மாற்றுவதா, கியர்பாக்ஸை இறக்குவதா?

இன்ஜினை அணைத்துவிட்டு கியர் போட்டுப் பாருங்கள். அப்போது லேசாக விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் கரகரவென்று முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை, அதாவது பெடலை மிதித்தும் இன்ஜினும் கியர்பாக்ஸும் பிரியவில்லை. ஹைட்ராலிக் கிளட்ச் (ஆயில் அழுத்தத்தில் இயங்குவது) என்றால், ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கியிருக்கிறதா பாருங்கள். பிறகு கியர்பாக்ஸ் ஓரத்தில் கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளும் கீழ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது. சிலிண்டரை மாற்றி, புது பிரேக் ஆயில் ஊற்றி, காற்றெடுத்தால் வேலை முடிந்தது. சிலிண்டரின் உள்சுவர் துருவேறியிருந்தால் வெறும் சீல் கிட் போடுவது தண்டச்செலவு.

பெடலை மிதிக்கும்போது ஃபோர்க் (கிளட்சை விடுவிக்கும் நெம்புகோல்) முழுசாக நகர்ந்தும் கிளட்ச் விடவில்லையா? அப்போதுதான் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் பிளேட்டோ, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டோ கெட்டிருக்கலாம். கூலி அதிகம்தான். இறக்கியபின் பழைய கிளட்ச் பேரிங்கையே திரும்பப் போடச் சொல்லாதீர்கள்.

இன்ஜின் அணைந்திருந்தும் விழவில்லை என்றால் இரண்டும் வேண்டாம், முதலில் கியர் கேபிளைப் பாருங்கள்.