பெல்லட் அடுப்பின் சாம்பலை அகற்ற எந்த வழி சிறந்தது: வேக்குவமா, லீஃப் புளோவரா, தொழில்நுட்பரா?

வட அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பல வீடுகளைக் குளிர்காலத்தில் சூடாக்கும் பெல்லட் அடுப்பு, மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை எரிக்கிறது. இந்த உருளைகளின் விட்டம் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர். ஒரு திருகு அவற்றைக் கொள்கலனிலிருந்து எரிகிண்ணத்துக்குக் கொண்டுவருகிறது. ஒரு மின்விசிறி புகையைக் குழாய் வழியே வெளியேற்றுகிறது. உள்ளே போதிய இழுவை, அதாவது புகையை வெளியே இழுக்கும் விசை, இல்லையெனில் அழுத்த சுவிட்ச் திருகை நிறுத்திவிடுகிறது. விறகு அடுப்பு ஓரளவு சாம்பலைப் பொறுத்துக்கொள்ளும். காற்றோட்டத்தையே நம்பி இயங்கும் இந்த அடுப்பு பொறுத்துக்கொள்ளாது. சுடர் மஞ்சளாகிச் சோம்பலாக ஆடுவதும், கண்ணாடி விரைவில் கறுப்பதும், காரணம் தெரியாமல் அடுப்பு அணைவதும் பெரும்பாலும் சாம்பல் அடைப்பின் அறிகுறிகளே. அதை அகற்ற மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதுவது தவறு என்பதே என் கருத்து. சாம்பல் செல்லும் பாதையில் ஒவ்வொன்றும் ஒரு பகுதியைத்தான் எட்டுகிறது.

முதலாவது, தூரிகையும் சாம்பலுக்கென்றே செய்யப்பட்ட வேக்குவமும். எரிகிண்ணத்தின் துளைகளைக் கம்பியால் குத்தித் திறப்பது, மரப்பட்டையோடு வந்த மணல் உருகி இறுகிய கட்டிகளைச் சுரண்டி எடுப்பது, வெப்பப் பரிமாற்றக் குழாய்களின் மேல் படிந்த தூளைத் துலக்குவது ஆகிய அன்றாட, வாராந்தர வேலைகளுக்கு இதற்கு நிகர் வேறில்லை. ஆனால் வீடு பெருக்கும் சாதாரண வேக்குவத்தை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. பெல்லட் சாம்பல் மிக நுண்ணியது என்பதால் வடிகட்டியைத் தாண்டி மோட்டாருக்குள்ளும் அறைக் காற்றிலும் பரவும். அதைவிடப் பெரிய ஆபத்து, சாம்பலுக்குள் புதைந்த கங்கு பல மணி நேரம், சில வேளை நாள் கணக்கிலும் அணையாமல் கிடக்கும். உறிஞ்சும் காற்று அந்தக் கங்கை ஊதிவிட்டால் காகிதப் பையும் பிளாஸ்டிக் உடலும் தீப்பிடிக்கும். சாம்பல் வேக்குவத்தின் கலம் உலோகத்தாலும் வடிகட்டி வெப்பம் தாங்கும் பொருளாலும் ஆனவை என்றாலும், அடுப்பு முழுதாக ஆறிய பிறகே அதையும் இயக்க வேண்டும். இந்த வழியின் குறை எட்டும் தூரம்தான்: பின்சுவர்த் தகடுகளுக்கு அப்பால் உள்ள சாம்பல் அறைகளுக்குள் குழலின் நுனி போவதில்லை.

அந்த மறைவிடங்களுக்காகவே அனுபவமுள்ள பலர், தோட்டத்து இலைகளைக் காற்றால் ஊதித் தள்ளும் லீஃப் புளோவரை நாடுகிறார்கள். உதிர்ந்த இலைகளை உறிஞ்சும் வசதியுள்ள புளோவரின் உறிஞ்சும் வாயை, வீட்டுக்கு வெளியே உள்ள புகைக்குழாய் முனையோடு இறுக்கமாகப் பொருத்தி இயக்கினால், அடுப்பின் உட்பாதை முழுவதிலும் தேங்கிய தூள் ஒரே மூச்சில் வெளியேறுகிறது. அப்போது உள்ளே இன்னொருவர் ரப்பர் சுத்தியலால் சுவர்களை மெல்லத் தட்டிக்கொடுத்தால் ஒட்டியிருப்பதும் உதிரும். வேக்குவத்தால் எடுக்கவே முடியாத அளவு சாம்பல் இப்படி வெளிவருவதைப் பார்ப்பவர் இந்த வழிக்கு மாறிவிடுவது இயல்பு. ஆயினும் கவனிக்க வேண்டியவை பல. அடுப்பு ஆறி, மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த அளவு இழுவையைத் தாங்கும்படி அழுத்த சுவிட்சின் மெல்லிய சவ்வு செய்யப்படவில்லை; ஆதலால் அதற்குச் செல்லும் குழாயை முன்னதாகக் கழற்றிவிட வேண்டும். சாம்பல் மேகம் காற்றடிக்கும் திசையில் அண்டை வீட்டுச் சுவரில் போய்ப் படியும்; இயக்குபவருக்கு முகக்கவசமும் கண்ணாடியும் தேவை. மின்விசிறியின் இறகுகளில் இறுகிய கரியை இது அசைப்பதில்லை. புகைக்குழாய் கூரை வரை செங்குத்தாகச் செல்லும் வீடுகளில் அதன் முனையைத் தரையிலிருந்து எட்ட முடியாது. அங்கு இந்த வழியைக் கைவிடுவதே நல்லது.

மூன்றாவது வழியான தொழில்நுட்பரின் வருடாந்தரப் பராமரிப்பு செலவு மிக்கது. ஆனால் வெளியேற்று விசிறியைக் கழற்றித் துலக்கி, இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் புதிய கேஸ்கெட்டுடன் பொருத்துவது, இழுவையைக் கருவியால் அளப்பது, குழாய் இணைப்புகளில் புகைக் கசிவு உண்டா என்று பார்ப்பது ஆகியவற்றை மற்ற இரண்டும் செய்வதில்லை. புகைப்போக்கிகளையும் குழாய்களையும் ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 211 தரநிலையும் சொல்கிறது. பலர் இலையுதிர்காலத்தில், குளிர் நெருங்கும்போது தொழில்நுட்பரை அழைக்கிறார்கள். எனக்கு வசந்தமே சரியாகப் படுகிறது. சாம்பல் காரத்தன்மை கொண்டது. கோடையின் ஈரப்பதத்தை அது உறிஞ்சிவிட்டால், உள்ளிருக்கும் உலோகத்தை மாதக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும்.

இந்த மூன்றில் எதைத் தேர்ந்தாலும் வேலையின் அளவைத் தீர்மானிப்பது உருளைகளின் தரமே. ஐரோப்பாவின் பெல்லட் தரச்சான்றான ஈஎன்பிளஸின் ஏ1 தரம் 0.7 சதவீதம் வரையும், அமெரிக்காவின் பெல்லட் எரிபொருள் நிறுவனமான பிஎஃப்ஐயின் பிரீமியம் தரம் 1 சதவீதம் வரையும், அதன் ஸ்டாண்டர்ட் தரம் 2 சதவீதம் வரையும் சாம்பலை அனுமதிக்கின்றன. ஆயிரம் கிலோ எரித்தால் முறையே 7, 10, 20 கிலோ வரை சாம்பல் சேரலாம். மலிவான மூட்டையில் மிச்சப்பட்டதாகத் தோன்றும் பணம் துப்புரவு வேலையாகத் திரும்பி வரக்கூடும்.

சுவர் வழியே கிடையாகக் குழாய் செல்லும் சொந்த வீட்டில் இருப்பவருக்கு என் பரிந்துரை இது: வாரந்தோறும் வேக்குவம், பருவத்தின் நடுவில் ஒருமுறை புளோவர், பருவம் முடிந்ததும் தொழில்நுட்பர். கூரைக் குழாய் உள்ளவர்களும், அடுப்பின் உட்பாகங்களைக் கழற்றத் தயங்குபவர்களும் புளோவரை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் தவறாமல் செய்யலாம். பணம் போதாத ஆண்டில் புளோவர் வாங்குவதைத் தள்ளிப்போடலாமே தவிர, தொழில்நுட்பரின் சோதனையையும், அடுப்பு உள்ள தளத்தில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியையும் தள்ளிப்போடக் கூடாது. எந்த வழியில் எடுத்த சாம்பலானாலும் இறுக்கமான மூடியுள்ள உலோக வாளியில் இட்டு, மரத்தளத்தில் வைக்காமல், வீட்டுக்கு வெளியே கல் அல்லது மண் தரையில் சில நாட்கள் வைத்திருந்த பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.