கொழும்பு கொட்டாஞ்சேனையில பிரிட்ஜ் திருத்துற ஒரு அண்ணா, பில்லில ஒரு ரூபாயும் கூட்டி எழுத மாட்டன் எண்டவர்

போன மாசம் நாங்க வாடகைக்கு இருக்கிற அனெக்ஸில பிரிட்ஜ் நிண்டு போச்சு. உள்ளுக்க லைட் எரியுது, குளிர் மட்டும் இல்ல, பின்பக்கத்தில ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா டிக் எண்டு ஒரு சத்தம், பிறகு ஒண்டும் இல்ல, பிறகு திரும்ப டிக். அதுக்கு முதல் நாள் பின்னேரம் கரண்ட் போய்ப் போய் வந்தது. அண்டைக்குக் காலமை தான் பாரை மீன் ரெண்டு கிலோ வாங்கித் துண்டு போட்டு பிரீசருக்குள்ள வச்சனான், அடுத்த நாள் பின்னேரம் அவ்வளவும் குப்பைக்குப் போச்சு.

முதல்ல கூப்பிட்ட ஆள் இவரில்ல. எங்கட சபை வாட்ஸ்அப் குரூப்பில ஒரு சேர்விஸின்ட நம்பர் போட்டிருந்திச்சினம், விசுவாசி, நம்பிக் குடுக்கலாம் எண்டு. வந்தவர் வாசல்லயே ஸ்தோத்திரம் சொன்னார், வானுக்குப் பின்னால வசனம் ஒட்டியிருந்தது, எனக்கும் மனசுக்கு ஆறுதலாத் தான் இருந்தது. பின்பக்க மூடியக் கூட கழட்டேல்ல. குனிஞ்சு சத்தத்தக் கேட்டார், கம்ப்ரசர் போயிட்டுது சிஸ்டர், காஸும் இறங்கியிருக்கும், எல்லாமாச் சேர்த்து 38,000 வரும் எண்டார். பார்க்க வந்த கூலி 1,500ம் வாங்கிக்கொண்டு போயிட்டார். வேணுமெண்டு சொன்னாரோ தெரியாமச் சொன்னாரோ, அது ஆண்டவருக்கு வெளிச்சம், நான் பேர் போடேல்ல.

அனெக்ஸ வாடகைக்குத் தந்த வீட்டுக்காரருக்குச் சொன்ன உடன அவர் இன்னொரு ஆளையும் காட்டிப் பாருங்கோ எண்டார். கீழ் வீட்டு அன்ரி தான் இந்த அண்ணாவைச் சொன்னவ. புனித லூசியா பேராலயத்தில இருந்து நடக்கிற தூரம், ஒரு சின்னக் குறுக்கு ஒழுங்கைக்குள்ள கடை, போர்ட் எண்டு பெருசா ஒண்டும் இல்ல, வெளியால ரெண்டு பழைய வொஷிங் மெஷின் நிக்கும், அது தான் அடையாளம். உள்ளுக்க மேசைக்கு மேல அந்தோனியார் படம் ஒண்டு, அவ்வளவு தான், வசனமும் இல்ல ஒண்டும் இல்ல. இதை எழுதலாமா எண்டு கேட்டனான், எழுதுங்கோ, என்ட பேரப் போடாதீங்க எண்டார்.

பத்து மணிக்கு வாறன் எண்டவர் வந்தது பன்னெண்டரைக்கு. ஆனா பத்துக்குக் கால் மணி இருக்கேக்கயே கோல் எடுத்து, முதல் வீட்டில வேலை இழுபடுது, நீங்க ஒஃபிஸ் போறதெண்டா போங்க, நான் பின்னேரம் வாறன் எண்டு சொல்லிட்டார். கொழும்பில வேலைக்கு வாறாக்கள் தாங்களாக் கோல் எடுத்துப் பிந்தும் எண்டு சொன்னத நான் இதுக்கு முதல் கண்டதில்ல, எப்பவும் நாங்க தான் அஞ்சு தரம் எடுப்பம், வந்துகொண்டிருக்கிறன் எண்டுவினம், ஆள் வரமாட்டார்.

வந்து முதல் வேலையா பிரிட்ஜ முன்னுக்கு இழுத்து மூடியக் கழட்டினார். கம்ப்ரசர் பக்கத்தில ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு சொருகியிருக்கும், அது தான் ரிலே, கம்ப்ரசருக்கு ஸ்டார்ட் குடுக்கிறது. அதைக் கழட்டி என்ட காதுக்குக் கிட்டக் கொண்டு வந்து ஆட்டினார், உள்ளுக்க உடைஞ்ச துண்டு கலகலவெண்டது. பிறகு மீட்டர வச்சு கம்ப்ரசரின்ட மூண்டு பின்னையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினார், சின்ன ரெண்டு கணக்கையும் கூட்டினா பெரிய கணக்கு வருது பாருங்க தங்கச்சி, அப்ப உள்ளுக்க இருக்கிற கம்பிச் சுத்து நல்லா இருக்கு, வெளி இரும்புக்கும் கரண்ட் இறங்கல்ல, கம்ப்ரசர் உயிரோட தான் இருக்கு எண்டார். காஸ் குறைஞ்சிருக்கும் எண்டாங்களே அண்ணா எண்டு கேட்டன். காஸ் பெற்றோல் மாதிரி எரிஞ்சு தீர்ற சாமான் இல்ல, மூடின பைப்புக்குள்ள சுத்திக்கொண்டே இருக்கும், குறைஞ்சா எங்கயோ ஓட்டை இருக்கு எண்டு அர்த்தம், ஓட்டையக் காட்டாம ஒருத்தர் காஸ் அடிக்கோணும் எண்டா குடுக்காதீங்க எண்டார். இதை எல்லாரும் தெரிஞ்சு வச்சிருக்கோணும், அதுக்காகவும் தான் எழுதுறன்.

புது ரிலே, கம்ப்ரசர் சூடானாக் கரண்ட வெட்டுற ஓவர்லோட், கூலி எல்லாம் சேர்த்து 3,200. 38,000 எங்க 3,200 எங்க.

இனி நான் சொல்ல வந்த விசயம். பிரிட்ஜ் வீட்டுக்காரரின்ட, பில்ல அவருக்கு அனுப்பினா காசு போடுவார். எனக்கு மீன் பழுதாய்ப் போன கவலை, முதல் ஆளுக்குக் குடுத்த 1,500ம் என்ட கையால போனது. அதால அண்ணாட்ட கேட்டன், பில்லில 5,200 எண்டு எழுதித் தாங்கோ, உண்மையா எனக்கு நட்டம் தானே எண்டு. கேக்கேக்க அது களவு எண்டே எனக்குத் தோணேல்ல, சத்தியமாச் சொல்றன், நியாயம் கேக்கிற மாதிரித் தான் இருந்தது. அவர் காபன் பேப்பர் வச்ச பில் புத்தகத்தில எழுதிக்கொண்டிருந்தவர், பேனைய நிப்பாட்டினார். முகம் சுழிக்கேல்ல, புத்திமதி சொல்லேல்ல. நான் செஞ்ச வேலைக்குத் தானே தங்கச்சி இது, மீனுக்குக் காசு வேணுமெண்டா அவரிட்டயே கேளுங்க, கேக்கிறதில வெக்கம் இல்ல எண்டு சொல்லிட்டு 3,200 எண்டே எழுதிக் கிழிச்சுத் தந்தார், கீழ மூண்டு மாச வொரன்டி எண்டும் கையால எழுதி.

நான் ஞாயிறு தவறாம ஆராதனைக்குப் போற ஆள். வேதபாட வகுப்பில சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் எண்ட வசனத்த மத்தேயு 5ல இருந்து மனப்பாடமாச் சொல்ல வச்சதும் நான் தான். அந்த வசனம் ஒரு பில் புத்தகத்துக்குள்ள வரும் எண்டு எனக்கு அண்டைக்கு வரைக்கும் விளங்கேல்ல, அவர் அதை எனக்குச் சொல்லேல்ல, அவருக்கு வசனம் ஞாபகம் இருந்துதோ கூடத் தெரியா, கை தன்ர பாட்டில உள்ளத எழுதிச்சுது. எனக்குக் கண் கலங்கிப் போச்சு, தேத்தண்ணி போடுறன் எண்டு குசினிக்குள்ள போயிட்டன். பின்னேரம் வீட்டுக்காரருக்குக் கோல் எடுத்து மீன் காசு நேராவே கேட்டன், அது ஏலாது பிள்ள எண்டிட்டார், பில் காசு மட்டும் போட்டார். அதுவும் சரி தான், மனசில ஒரு பாரமும் இல்ல.

இன்னொண்டும் சொல்லோணும். அவரோட ஒரு பொடியன் வருவான், முஸ்லிம் பொடியன், மட்டக்குளிப் பக்கம். அண்ணா கீழ ஓட்டோவில சாமான் எடுக்கப் போன நேரம் எத்தின வருசமா இவரோட வேலை செய்யிறீங்கள் எண்டு கேட்டன். 2017ல இருந்து எண்டான். பிறகு தானாச் சொன்னான். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் கோவில்ல குண்டு வெடிச்சது அண்ணாட வீட்டில இருந்து நடக்கிற தூரத்தில. அவருக்குத் தெரிஞ்ச சனமும் அதில செத்திருக்கு. அதுக்குப் பிறகு வாடிக்கையாக்கள் கோல் எடுத்து, நீங்க வாங்க, அந்தப் பொடியனக் கூட்டிக்கொண்டு வராதீங்க எண்டிருக்கினம். அப்ப நானும் வரல்ல எண்டு சொல்லி வச்சிருவாராம். ஜூன் 12ம் திகதி கோவில் திரும்பத் திறக்கிற வரைக்கும், அதுக்குப் பிறகும் கன நாளைக்கு, வேலை அரைவாசியும் இல்ல, ஆனா என்ட சம்பளத்தில கை வைக்கல்ல அக்கா எண்டான். அதைச் சொல்லிட்டு ஸ்குரூட்ரைவர துணியில துடைச்சுக்கொண்டு பேசாம இருந்தான், எனக்கும் ஒண்டும் கதைக்க வரேல்ல.

அண்ணா மேல வந்தாப் பிறகு நான் அதைப் பற்றிக் கேக்கேல்ல. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். அந்த நேரத்தில எங்கட ஆக்களே எவ்வளவு கதை கதைச்சினம், எந்தக் கடையில வாங்கக் கூடாது எண்டு எத்தின மெசேஜ் வந்தது, நானும் ரெண்டு மூண்ட அனுப்பினனான். சத்துருவச் சிநேகி எண்டு சொல்றது வேற, சத்துருவே இல்லாத ஒரு பொடியனச் சனம் சத்துருவாக்கேக்க அவனுக்குப் பக்கத்தில நிக்கிறது வேற, அதுக்கு அவர் தன்ர வருமானத்தக் குடுத்திருக்கிறார்.

குறையும் இருக்கு, அதையும் எழுதோணும். போன் லேசில எடுக்க மாட்டார், வேலையில நிண்டா ரெண்டு மணித்தியாலம் கழிச்சுத் தான் திருப்பி எடுப்பார். காட் இல்ல, காசு மட்டும் தான். இன்வேர்ட்டர் பிரிட்ஜுக்குள்ள இருக்கிற எலெக்ட்ரோனிக் போர்ட் வேலை அவர் செய்யிறதில்ல, எனக்கு அது சரியாத் தெரியாது, தெரிஞ்ச ஆளக் காட்டுறன் எண்டு நேர சொல்லுவார். காஸ் வேலை எண்டா வீட்டில வச்சு நெருப்புப் பிடிச்சு ஒட்ட மாட்டார், இப்ப வாற கன பிரிட்ஜில இருக்கிற ஆர்600ஏ பத்தக்கூடிய காஸ், அதால கடைக்கு ஏத்திக்கொண்டு போவார், ஏத்துக்கூலி உங்கட தலையில, ரெண்டு மூண்டு நாள் பிரிட்ஜ் இல்லாம இருக்கோணும்.

ஞாயிறு பூட்டு, எவ்வளவு அவசரமெண்டாலும் வர மாட்டார். வெள்ளிக்கிழமை பன்னெண்டில இருந்து ரெண்டு மணி வரைக்கும் பொடியன் ஜும்மாவுக்குப் போறவன், அந்த நேரத்துக்கு வேலை குறிக்க மாட்டார். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குச் சனம் வாற நாள், அந்தப் பக்கம் ஓட்டோ அசையாது, அண்டைக்குக் கடைக்குப் போகாதேங்கோ. போக முதல் பிரிட்ஜ் கதவைத் திறந்து உள்பக்க ஸ்டிக்கர்ல இருக்கிற மொடல் நம்பரப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கோ, சாமான் இருக்கா இல்லையா எண்டு அப்பவே சொல்லிடுவார். கரண்ட் போய் வந்தா பிளக்கக் கழட்டி அஞ்சு நிமிசம் விட்டுட்டுத் தான் திரும்பப் போடோணும் எண்டதும் அவர் சொன்னது தான், நாங்க இப்ப அப்பிடித் தான் செய்யிறம்.