சில்வியாஸா, ரெட் ரூஸ்டரா?
நியூயார்க்கின் ஹார்லெமில், அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பின மக்களின் வீட்டுச் சமையலான சோல் ஃபுட்டைச் சுவைக்க விரும்புவோர், லெனாக்ஸ் அவென்யூவில் அருகருகே அமைந்த இவ்விரு உணவகங்களுக்கிடையே தடுமாறுவதுண்டு.

பின்னணி: தென் கரோலினாவில் பிறந்த சில்வியா வுட்ஸ், தாம் பரிமாறும் வேலை பார்த்த சிற்றுணவகத்தையே விலைக்கு வாங்கி, 1962இல் சில்வியாஸைத் தொடங்கினார். ரெட் ரூஸ்டரை 2010இல் திறந்தவர், எத்தியோப்பியாவில் பிறந்து ஸ்வீடனில் வளர்ந்த மார்கஸ் சாமுவேல்சன்.

உணவு: சில்வியாஸின் பெருமை, சாஸ் வழிய வரும் பன்றி விலாவும், வறுத்த கோழியும், நெடுநேரம் வேகவைத்துக் குழைந்த காலர்ட் கீரையும், சோளரொட்டியும்தான். இவ்வகைச் சமையலில் கீரையிலும் புகையூட்டிய இறைச்சி சேர்வது வழக்கம் என்பதால், சைவர்கள் கேட்டுவிட்டு உண்பது நல்லது. ரெட் ரூஸ்டரிலோ வறுத்த கோழிக்குப் பக்கத்திலேயே ஸ்வீடன் பாணி இறைச்சி உருண்டையும் பட்டியலில் இடம்பெற்றது; ருசியானதே, ஆனால் அதைச் சோல் ஃபுட் என்பது சற்று மிகை.

செலவு: ரெட் ரூஸ்டரில் கூடுதல்.

சூழல்: ரெட் ரூஸ்டரின் மதுக்கூடமும் இசையும் நண்பர்குழுவின் மாலைப்பொழுதுக்கு ஏற்றவை. முதன்முறை உண்பவரும், குடும்பத்தோடு வருபவரும் சில்வியாஸுக்கே செல்லலாம். ஞாயிறன்று காஸ்பல் என்னும் கறுப்பினக் கிறித்தவப் பக்தி இசையுடன் உண்ண விரும்பினால், முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.