எலக்ட்ரானிக் பின்னல் மெஷினுக்கு மாறப் போகிறவர்கள் பதினாறாவது ஊசியைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கவும்

சேலம், ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு பகுதிகளில் வீட்டிலிருந்தபடியே ஸ்வெட்டர் பின்னிக் கொடுப்பவர்களில் சிலர், கையிலிருக்கும் பஞ்ச் கார்டு மெஷினைக் கொடுத்துவிட்டு எலக்ட்ரானிக் மெஷினுக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதை அறிவேன். பழைய பின்னல் மெஷின்களை வாங்கிச் சீர்செய்து விற்பதாகச் சொல்லும் சேலத்துக் கடை ஒன்றில் நானும் அப்படி மாறினேன். பழைய மெஷினையும் சேர்த்து ரூ.62,000 கொடுத்து வாங்கியதில், பெயர் சொல்லும்படி ஒரு டிசைன்கூட இன்றுவரை பின்ன முடியவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குக் காட்டிய வித்தையை எந்த ஊரிலும் எந்தக் கடையிலும் காட்டலாம்.

என்னிடம் இருந்தது பிரதர் கே.எச். 881 என்ற பஞ்ச் கார்டு மெஷின். 200 ஊசிகள், உழைப்புக்குச் சளைக்காத மெஷின், அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பஞ்ச் கார்டின் அகலம் 24 கண்ணிகள்தான். 24 கண்ணிக்குள் ஒரு பூவோ கட்டமோ போட்டால், அதுவே குறுக்காகத் திரும்பத் திரும்ப வரும். மார்பின் குறுக்கே ஒரு பெயரை எழுத வேண்டுமென்றால் அந்த அட்டையில் இடம் கிடையாது. ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், தம் ஊழியர்களுக்குக் கருநீல ஸ்வெட்டரில் வெள்ளை எழுத்தில் விடுதியின் பெயர் வர வேண்டும் என்று கேட்டபோதுதான் நான் மாறுவது என்று முடிவு செய்தேன். அம்மாபேட்டைப் பக்கம் பட்டு நெய்பவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. அட்டையில் துளை இருந்தால் ஒரு வேலை, துளை இல்லாவிட்டால் வேறு வேலை என்ற, தறிக்கு மேலிருந்து டிசைன் போடும் ஜக்கார்டு பெட்டியின் கணக்குதான் பஞ்ச் கார்டு மெஷினிலும் இருக்கிறது. எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்தபோது அட்டையின் அளவுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று அவர்கள் பட்ட நிம்மதியைத்தான் நானும் எதிர்பார்த்தேன்.

கடைக்காரர் முதலில் காட்டியது சில்வர் ரீட் எஸ்.கே. 840. அதை இ.சி. 1 என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி இல்லாமல் தனியாக விலை சொன்னார். அந்தப் பெட்டியோ, கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவியோ இல்லாவிட்டால் எஸ்.கே. 840இல் சாதாரணப் பின்னல் மட்டும்தான் வரும், டிசைன் வராது. நான் அதைக் கேட்டவுடன் பேச்சை மாற்றிக்கொண்டு, உள்ளே இருந்து பிரதர் கே.எச். 930ஐ எடுத்து வைத்தார். 555 டிசைன்கள் மெஷினுக்குள்ளேயே இருக்கும் மாடல் அது. நாமாகக் கொடுக்கும் டிசைனையும் 200 ஊசி அகலத்துக்கு ஏற்கும். மாடலைப் பற்றி அவர் சொன்னது எல்லாம் உண்மை. பிரதர் நிறுவனம் பின்னல் மெஷின் தயாரிப்பை 1990களின் இறுதியிலேயே நிறுத்திவிட்டதால் புதியது என்று எதுவும் கிடைக்காது, பழையதை நன்றாகச் சீர்செய்தவரிடம்தான் வாங்க வேண்டும் என்றார். அதுவும் உண்மைதான். இப்படி மூன்று உண்மைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு நான்காவதாகச் சொன்ன பொய்தான் “எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சுங்க மேடம்” என்பது.

என் கண்முன்னே ஓட்டியும் காட்டினார். ஊசிகள் வரிசையாக இருக்கும் படுகையின் நடுப்பகுதியில் 14 ஊசிகளை மட்டும் இழுத்து வைத்து, உள்ளே இருக்கும் ஒரு சிறு டிசைனை எடுத்து, ஊசிகளின் மேல் தள்ளிப் பின்னும் கேரேஜை இரண்டு கோடிக்கும் ஓட்டி ஒரு துண்டு பின்னினார். பட்டை போல நீளமாக, ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. 200 ஊசி மெஷினில் ஏன் இவ்வளவு குறுகலாகப் பின்னுகிறீர்கள் என்று கேட்டதற்கு, நூல் வீணாக வேண்டாமே என்றார். அந்தப் பதினான்குக்குக் காரணம் என்ன என்பது பிறகுதான் விளங்கியது.

என் 881க்கு ரூ.18,000 கணக்கிட்டுக் கழித்துக்கொண்டு, மீதி ரூ.44,000ஐ வங்கிக் கணக்கில் வாங்கிக்கொண்டார். பில் கேட்டபோது எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். அதில் “பழைய மெஷின் 1, பழைய மெஷின் எக்ஸ்சேஞ்ச் 1” என்று இரண்டு வரிகள் மட்டுமே இருந்தன. மாடல் எண்ணும் வரிசை எண்ணும் வேண்டும் என்று நான் வற்புறுத்தியதால் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறு மாத உத்தரவாதம் என்றும் எழுதினார். இன்று என் கையில் இருக்கும் ஆதாரங்களில் உருப்படியானது அந்தப் பின்பக்கம்தான்.

வீட்டு பிளக்கில் நேரடியாக மாட்டலாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். எங்கள் தெருவில் கரண்ட் வேலை பார்க்கும் தம்பி, பழைய சாமான் என்றால் திருப்பிப் பார்க்காமல் மாட்டக் கூடாது என்று சொல்லி மெஷினைக் கவிழ்த்தார். மின் விவரம் இருக்க வேண்டிய இடத்தின் மேல் கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்தால் அடியில் 100 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம் ஊரில் 230. மாட்டியிருந்தால் உள்ளே இருக்கும் பவர் போர்டு அன்றைக்கே கருகியிருக்கும், கருகிய பிறகு “உங்க ஏரியா வோல்டேஜ்” என்று அவர் கையை விரித்திருப்பார். போனில் கேட்டபோது சிறிதும் தயங்காமல், 230ஐ 100 வோல்ட்டாகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் பெட்டி தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கு விலை இவ்வளவு என்றார். கடையில் ஓட்டிக் காட்டியபோது மேஜைக்கு அடியில் அந்தப் பெட்டி இருந்திருக்க வேண்டும். அவரிடம் வாங்காமல் வெளியே 100 வோல்ட் கொடுக்கும் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினோம்.

அதன் பிறகு விடுதியின் பெயரை மெஷினுக்குள் ஏற்றி முன்பக்கத் துண்டு ஒன்றைப் பின்னினேன். கருநீலத்தில் வெள்ளை எழுத்துகள் அழகாகவே எழும்பி வந்தன. ஆனால் எழுத்துகளை அறுத்துக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு கண்ணி அகலத்தில் கருநீலக் கோடுகள் விழுந்திருந்தன. ஒரு எழுத்தின் வயிற்றில் ஒரு கோடு, இரண்டு எழுத்து தள்ளி இன்னொரு எழுத்தின் காலை ஒட்டி ஒரு கோடு. துண்டை, துணியின் இழைகளை எண்ணப் பயன்படும் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்து எண்ணிப் பார்த்தால் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே சரியாக 15 கண்ணிகள். அதாவது ஒவ்வொரு பதினாறாவது ஊசியும் தப்பு செய்கிறது.

கடைக்காரரின் பதில்கள் வகைவகையாக வந்தன. நூல் மட்டம் என்றார். ஏற்காட்டுக்குக் கொண்டுபோய்ப் பின்னினேனா, மலைக் குளிரில் நூல் ஈரம் இழுத்திருக்கும் என்றார். மெஷின் சேலத்தை விட்டு நகரவே இல்லை. ஊசி வளைந்திருக்கும் என்றார். அந்த ஊசிகளையெல்லாம் பக்கத்து ஊசிகளோடு மாற்றிப் போட்டுப் பார்த்தும் கோடுகள் இடம் மாறவில்லை. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த, ஜக்கார்டு தறியில் பல காலம் உழைத்த எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது எந்த மெக்கானிக் சொன்னதையும்விடத் தெளிவாக இருந்தது: “நூல் கோளாறுன்னா கண்ட இடத்துல வரும்மா. கணக்கா வந்தா அது பெட்டிக் கோளாறு.”

அவர் சொன்னதுதான் சரி. இந்த வகை பிரதர் மெஷினில் ஊசிகளைத் தேர்ந்தெடுப்பதற்கு 16 சொலினாய்டுகள், அதாவது மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் கம்பிச்சுருள்கள் (காயில்கள்), இருக்கின்றன. 200 ஊசிக்கு 200 சொலினாய்டு வைக்க முடியாது என்பதால், முதல் சொலினாய்டே 1, 17, 33 என்று ஒவ்வொரு பதினாறாவது ஊசியையும் கவனித்துக்கொள்கிறது. இரண்டாவது 2, 18, 34 என்று போகிறது. ஆகவே ஒரு சொலினாய்டு செத்துப்போனால் 200இல் 12 அல்லது 13 ஊசிகள், எந்த டிசைன் கொடுத்தாலும் சொல்பேச்சுக் கேட்காது. மெஷினைத் திறந்து பார்த்த எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பவர் மீட்டரை வைத்தபோது 15 காயில்கள் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட, ஒன்று மட்டும் அறுந்த கம்பியாக எதையும் காட்டவில்லை. அந்தக் காயிலுக்குப் போகும் இணைப்பில் மட்டும் புதிய ஈயப்பற்று பளபளத்தது. யாரோ ஏற்கனவே திறந்து, சரிசெய்யப் பார்த்து, முடியாமல் மூடியிருக்கிறார்கள்.

இப்போது அந்த 14 ஊசியை நினைத்துப் பாருங்கள். பதினாறுக்குக் குறைவான அகலத்தில், கெட்ட ஊசி உள்ளே விழாதபடி இடம் பார்த்துப் பின்னினால் பிழை கண்ணில் படவே படாது. எந்த ஊசியில் தொடங்கி எந்த ஊசியில் முடிக்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் அப்படிப் பின்ன முடியும். மற்றவற்றை அலட்சியம் என்று விட்டுவிடலாம். இதை என்னால் அப்படி விட முடியவில்லை.

கடைசியாக அவர் கொண்டுவந்த தீர்வு இன்னொரு வசூல். உள்ளே இருக்கும் போர்டை எடுத்துவிட்டு ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை வகையிலான ஆயாப் போர்டைப் போட்டால் கம்ப்யூட்டரிலிருந்தே எந்தப் படத்தையும் பின்னலாம், போர்டுக்கும் மென்பொருள் உரிமத்துக்கும் சேர்த்து ரூ.15,000 ஆகும் என்றார். ஆயாப் என்பது நல்ல முயற்சி, 930லும் வேலை செய்யும். அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் மென்பொருள் திறந்த மூல மென்பொருள், யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், உரிமம் என்று கட்டணம் கேட்பதற்கு இடமே இல்லை. அதைவிட முக்கியமாக, ஆயாப் மாற்றுவது கட்டளையிடும் மூளையை மட்டும்தான். ஊசியைத் தேர்ந்தெடுப்பது அதே பழைய 16 சொலினாய்டுகள்தான். காயில் அறுந்த மெஷினில் எந்த போர்டைப் போட்டாலும் பதினாறாவது ஊசி பழையபடியே நிற்கும்.

வாங்கப் போகிறவர்கள் இதை நூல் கோர்க்காமலே கடையில் சோதித்துவிடலாம். 200 ஊசிகளையும் பின்னத் தயாராக நிற்கும் பி நிலைக்குக் கொண்டுவந்து, ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணி, அடுத்த வரிசையில் அதுவே மாறி வரும் சதுரங்க டிசைன் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். கேரேஜின் திருகை, டிசைனுக்கு ஊசி தேர்ந்தெடுக்கும் கே.சி. என்ற நிலையில் வைத்து, இடக்கோடியில் இருக்கும் குறியைத் தாண்டித் தொடங்கி வலக்கோடிவரை ஒரே சீராகத் தள்ளினால், ஒன்றுவிட்டு ஒன்றாக ஊசிகள் முன்னே வந்து நிற்க வேண்டும். திரும்பி வரும்போது மற்ற ஊசிகள் வர வேண்டும். இரண்டு ஓட்டத்தில் ஒவ்வொரு சொலினாய்டும் இரண்டு வேலையையும் செய்து காட்டிவிடும். பிழை ஒரே ஒரு ஊசியில் என்றால் ஊசியை மாற்றிப் பார்க்கலாம், பதினாறுக்கு ஒன்று என்றால் சொலினாய்டு, டிசைன் முழுவதும் பக்கவாட்டில் தள்ளிப்போனால் உள்ளே இருக்கும் பல் பெல்ட்டையோ சென்சாரையோ சந்தேகிக்க வேண்டும். ஊசிகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்பாஞ்ச் பாரை வெளியே இழுத்துப் பார்ப்பதும் நல்லது. பஞ்சு தட்டையாகிவிட்டிருந்தால் ஊசிகள் தூக்கிக்கொண்டு நிற்கும், அது மலிவாகச் சரிசெய்யக்கூடியது என்பதால் அதற்காக மெஷினையே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. மின் அளவு அச்சடித்த இடத்தில் எந்த ஸ்டிக்கர் இருந்தாலும் உரித்துப் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் என்றால், புதியது வீட்டில் முழு அகலத்தில் ஓடும்வரை பழையதைக் கொடுக்காதீர்கள். நான் திரும்பக் கேட்டபோது என் 881 ஏற்கனவே ஆத்தூர்ப் பக்கம் விலை போயிருந்தது. விடுதி ஸ்வெட்டர்களை வேறொருவரின் மெஷினில் சாதாரணமாகப் பின்னவைத்து, பெயரை ஊசியால் கண்ணி கண்ணியாக மேலே பின்னிக் கொடுத்தேன். கூலியைக் கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்கவில்லை.

நோட்டீஸுக்கு வந்த பதிலில், நான் தொழிலுக்காக வாங்கியவள், ஆகவே நுகர்வோரே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இதைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கத்திலேயே, சுயதொழில் மூலம் தம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று இருக்கிறது. ஆள் வைத்துப் பட்டறை நடத்துபவருக்குத்தான் அந்த வாதம் பொருந்தும். நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்துகொள்வதும் பயன்படும். சேலம் மாவட்ட ஆணையத்தில் கொடுக்க என் புகார் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் பலர் இருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே சேலத்துக் கடையில் 930ஐயோ அதைப் போன்ற வேறு எலக்ட்ரானிக் மெஷினையோ இதே முறையில் வாங்கியவர்கள், எஸ்டிமேட் சீட்டையும் பணம் அனுப்பிய விவரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, மெஷினை வேறு யாரிடமும் திறக்கக் கொடுப்பதற்கு முன் என்னைத் தொடர்புகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.