ஜார்ஜ் டவுனில் மதிய உணவு: கோப்பிக்கடையா, நாசி கண்டாரா, வாழையிலையா?

மலேசியாவின் பினாங்குக்குப் போகும் நண்பர் கூட்டங்கள் எந்தக் கடையில் ருசி அதிகம் என்றுதான் விசாரிக்கின்றன. அதன் தலைநகரான ஜார்ஜ் டவுனில் ருசிக்குப் பஞ்சமே இல்லை. நான்கைந்து பேராகப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, எந்தக் கடையில் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட முடியும் என்பதை. மூன்று வகைக் கடைகளும் இதில் வெகுவாக வேறுபடுகின்றன.

நாசி கண்டார் தமிழ் முஸ்லிம்கள் பினாங்குக்குத் தந்த சாப்பாடு. காவடித் தடியின் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்க, துறைமுகத் தொழிலாளர்களைத் தேடிப்போய் விற்றார்கள். கேம்பல் தெருவின் ஹமீதியா 1907 முதல் நடந்துவருகிறது. சோற்றின்மேல் கோழிக் குழம்பு ஒரு கரண்டி, மீன் குழம்பு ஒரு கரண்டி, மாட்டிறைச்சிக் குழம்பு ஒரு கரண்டி என்று ஊற்றுவார்கள். அந்தக் கலவையில்தான் ருசியே இருக்கிறது. ஒற்றைக் குழம்பு கேட்டு வாங்கினால் பாதி இன்பம் போய்விடும். மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் தட்டை நீட்டும்போதே சொல்லிவிட வேண்டும், ஊற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை. சைவருக்கு வெண்டைக்காயும் முட்டைக்கோசும் இருக்கும், ஆனால் கரண்டிகள் பாத்திரம் மாறுவதைப் பார்த்தபின் அவருக்குச் சாப்பிட மனம் வராது. பெரிய இறாலும் மீன் முட்டையும் தட்டில் ஏறினால் விலையும் சட்டென ஏறும். முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கே நண்பர் கூட்டத்துக்குத் தடையாக இருப்பது வரிசை. பேர்பெற்ற கடைகளில் நடுப்பகலில் வரிசை வாசலைத் தாண்டும். முதலில் வாங்கியவர் பாதி சாப்பிட்டிருப்பார், கடைசி ஆள் அப்போதுதான் தட்டோடு வருவார். பின்னால் காத்திருப்பவர்கள் உங்கள் நாற்காலியைப் பார்த்தபடி நிற்கும்போது அரட்டைக்கு ஏது இடம்? தனியாகவோ இருவராகவோ போய்ச் சாப்பிட இதைவிடச் சிறந்த உணவு அந்த ஊரில் இல்லை என்பேன். கூட்டத்தோடு போக மாட்டேன். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகப் பல கடைகள் மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாழையிலைச் சாப்பாட்டுக்குக் குவீன் தெரு, பினாங்குத் தெருப் பக்கம் போக வேண்டும். 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலைச் சுற்றிய பகுதி அது. பந்தி முறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இலை விழும், எல்லோரும் ஒன்றாகக் கை நனைக்கலாம். சோறு, காய்கறிகள், அப்பளம், ரசம் என்று நமக்குப் பழகிய வரிசைதான். அசைவக் கடைகளில் பொரித்த மீனும் ஆட்டுக்கறிப் பிரட்டலும் தனி விலை. சுத்த சைவக் கடைகளும் அருகிலேயே உண்டு. கூட்டத்தில் ஒரு சைவர் இருந்தால்கூட யோசிக்காமல் இங்கே போங்கள். ஆனால் அவரவர் இலை அவரவருக்கு. பகிர்ந்து சாப்பிட வழியில்லை. இலையை மடித்த பிறகு பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் முடியாது, துடைக்கிற துணியோடு ஆள் வந்து நிற்பார்.

என் ஓட்டு சீனர்களின் கோப்பிக்கடைக்கு. கடைக்காரர் பானங்களை மட்டும் விற்பார். கடைக்குள் அடுப்பு போட்டிருக்கும் ஒவ்வொருவரும் தனி வியாபாரி. ஒருவரிடம் புளிப்புச் சாறு ஊற்றிய நூடுல்ஸான அசாம் லக்சா, இன்னொருவரிடம் இறால் சாறு ஊற்றிய நூடுல்ஸான ஹொக்கியன் மீ, மற்றொருவரிடம் வறுத்த நூடுல்ஸான சார் குவே தியாவ் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிடலாம். பளிங்கு மேசைக்கு எல்லாம் தேடி வரும். குவே தியாவை ஒவ்வொரு தட்டாகத்தான் வறுப்பார்கள். கொதிக்கும் இரும்புச் சட்டியில் பட்டையான அரிசி நூடுல்ஸ், சோயா, இறால், சிப்பிச் சதை, முட்டை, முளைப்பயறு எல்லாம் சில நிமிடங்களில் புரண்டு, ஓரம் லேசாகக் கருகி வாசனை எழும்போது தட்டுக்கு வந்துவிடும். இரண்டு தட்டுக்குச் சேர்த்து வறுத்தால் அந்தக் கருகல் மணம் வராது. அதனால் நான்கு பேர் கேட்டால் நான்கும் ஒன்றாக வருவதில்லை. வந்த தட்டை நடுவில் வைத்து ஆளுக்கு இரண்டு வாய் எடுத்துக்கொள்வதுதான் வழி. நாசி கண்டார் கடையில் நண்பர்களைப் பிரிக்கிற அதே தாமதம் இங்கே எல்லோரையும் ஒரு தட்டின் மேல் குனிய வைக்கிறது. பாலில்லாத கோப்பி ஓ, கட்டிப்பால் கலந்த கோப்பி என்று ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டால் நெடுநேரம் பேசிக்கொண்டிருக்கலாம். பானம் வாங்காமல் உட்கார்வது மரியாதையல்ல. கடைக்காரருக்கு அதில்தான் வருமானம், சில கடைகளில் பானம் வாங்காதவர்களுக்குத் தனியாகச் சிறு கட்டணமும் உண்டு.

குறை ஒன்று உண்டு, சிறியதல்ல. பல அடுப்புகளில் பன்றி இறைச்சியோ அதன் கொழுப்போ புழங்கும். முஸ்லிம் நண்பர் உடன் இருந்தால் இந்தக் கடைகளை விட்டுவிடுங்கள். அவரை வெறும் கோப்பியோடு உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் சாப்பிடுவது நட்பாகாது. அன்றைக்கு வரிசை நீளமானாலும் நாசி கண்டார்தான். சைவரும் ஏமாறக்கூடாது: புளிப்பாக, புதினாத் தழையும் அன்னாசியும் மிதக்க வரும் அசாம் லக்சாவின் சாறே மீன்தான்.

கோப்பிக்கடைக்கு 11.30 மணிக்குள் போய்விடுங்கள். காலைக்கு மட்டும் அடுப்பு மூட்டுகிறவர்கள் ஒரு மணிக்கெல்லாம் பாத்திரம் கழுவத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு தட்டும் மேசைக்கு வரும்போதே காசு கொடுக்க வேண்டும், ஆகவே ஆளுக்கு இருபது வெள்ளி (மலேசிய ரிங்கிட்) முன்கூட்டியே சேர்த்து, சில்லறையாக ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.